கோட்டை தரிசனம்

சமீப காலமாக நம் நாட்டில் புதியதொரு யாத்திரை கிளம்பியிருக்கின்றது. காசிக்கும் இராமேஸ்வரத்துக்கும் போய்ப் பணத்தைத் தொலைத்து வந்த நம் மக்கள், இப்போது ராஜஸ்தானத்துக் கோட்டைகளையும் அரண்மனைகளையும் பார்த்து வருவதென்று கூட்டம் கூட்டமாய்ப் புறப்படுகின்றார்கள். ஜெய்ப்பூர், ஜோத்பூர், உதயப்பூர், சித்தோர் (இது நம் பக்கத்துச் சித்தூர் அல்ல) என்று ஊர்ப்பேர்களை வரிசையாய்ப் போட்டு, முறுக்கு மீசையும் தலைப்பாகையுமாய் ஒரு ராஜாவின் படத்தையும் மேலே அச்சடித்த விளம்பரங்கள், பட்டணத்துச் சுவர்களைத் தாண்டிப் பொன்னேரிக் கடைத்தெருவுக்கும், அதையும் தாண்டிப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்கும், காட்டுப்பள்ளிக்கும் வந்துவிட்டன. சுவரில் ஒட்டாவிட்டாலும் கைப்பேசியில் தானாகவே வந்து விழுகின்றன. இறால் நல்ல விலைக்குப் போன வருஷத்தில் சீட்டுப் பிடித்து, அந்தப் பணத்தில் குடும்பத்தோடு போய் வருகிறவர்களும் உண்டு.

இப்படிப் போவதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. பிறந்த ஊரையும் பெண் எடுத்த ஊரையும் தவிர வேறு ஊர் தெரியாமல் செத்துப் போன நம் பாட்டன்மார்களை விட, ஆயிரக்கணக்கான மைல் ரயிலில் போய், பாஷை தெரியாத ஜனங்களிடையே நாலு நாள் இருந்து வருகிறவன் மேல் என்றே சொல்லுவோம். அன்றியும் இதில் ஒரு விசேஷமும் இருக்கின்றது. தன் சொந்த ஊர்க் கோயிலில் கர்ப்பக்கிரகத்துக்குள் காலடி வைக்க முடியாத மனிதன், ஜோத்பூரில் டிக்கெட்டு வாங்கிக் கொண்டு மகாராஜாவின் படுக்கை அறை வரையில் போய் எட்டிப் பார்க்கலாம். அங்கே அவனை யாரும் என்ன ஜாதி என்று கேட்பதில்லை. டிக்கெட்டு எங்கே என்று மாத்திரம்தான் கேட்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன் அந்த வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக் கொண்டு குனிந்து போயிருக்க வேண்டியவனின் பேரன், இன்று செருப்புக் காலோடு உள்ளே நடப்பதில் நமக்குச் சந்தோஷமே தவிர வருத்தமில்லை.

ஆனால் நம் கவலை என்னவென்றால், கோயிலுக்குப் போகிறவன் எந்தப் புத்தியோடு போகின்றானோ அதே புத்தியோடுதான் கோட்டைக்கும் போகின்றான் என்பதே. கோயிலில் குருக்கள் ஸ்தல புராணம் சொல்லுகிறார். கோட்டையில் வழிகாட்டி ராஜ புராணம் சொல்லுகிறான். அங்கேயும் வாயைப் பிளந்து கேட்கிறது, இங்கேயும் வாயைப் பிளந்து கேட்கிறது. அங்கே தட்டில் விழுகிற காசு இங்கே வழிகாட்டியின் கையில் விழுகின்றது. இந்தக் கல்லை யார் சுமந்தார்கள், இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, இந்த மதிலுக்குள் இருந்த பெண்கள் என்ன கதியானார்கள் என்று ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லுகிறவரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

ராஜஸ்தானத்து மலைக்கோட்டைகளில் சித்தோர்கட், கும்பல்கட், ரண்தம்போர், ஆம்பேர், ஜெய்சல்மேர், காக்ரோன் என்னும் ஆறு கோட்டைகளை 2013ஆம் வருஷம் யுனெஸ்கோ சபையார் உலகச் சொத்து என்று பட்டியலில் சேர்த்தார்கள். சேர்க்க வேண்டியவைதான். கும்பல்கட்டின் மதில், மலை முதுகுகளின் மேல் ஏறி இறங்கி 36 கிலோமீட்டர் தூரம் ஓடுகின்றது. மழை அபூர்வமான அந்தப் பிரதேசத்தில், மலை உச்சியில் விழுகிற மழைத் தண்ணீரில் சொட்டு வீணாகாமல் குளத்துக்குள் இறக்கிச் சேர்த்து வைக்க வழி செய்திருக்கிறார்கள். அதெல்லாம் மெய்யான கெட்டிக்காரத்தனம். அது கல்தச்சனுடைய கெட்டிக்காரத்தனம், மண் வெட்டினவனுடைய கெட்டிக்காரத்தனம். ஆனால் கும்பல்கட்டில் சொல்லப்படுகிற கதை எது என்றால், பகலில் கட்டின மதில் இரவில் இடிந்து விழுந்ததாம், நரபலி கொடுத்தால்தான் நிற்கும் என்று ஒரு சாமியார் சொன்னாராம், ஒருவன் தானாகவே தலையைக் கொடுத்தானாம், அதன் பின் மதில் நின்றதாம். அஸ்திவாரம் சரியில்லாமல் விழுந்த சுவர் அஸ்திவாரத்தைச் சரி செய்ததும் நின்றது என்று சொன்னால் கொத்தனுக்கல்லவா பெருமை போய்விடும்! அதனால்தான் பலி வேண்டியிருக்கின்றது.

இது வெறும் கதை என்று சிரித்துவிட்டுப் போகவும் முடியவில்லை. ஜோத்பூரில் மெஹ்ரான்கட் என்ற கோட்டை இருக்கின்றது. 1459ஆம் வருஷம் ராவ் ஜோதா என்ற அரசன் அஸ்திவாரம் போட்டது. அந்த மலையின் மேல் அதற்கு முன் ஒரு சாமியார் குடியிருந்தார். பறவைகளுக்குத் தீனி போட்டுக் கொண்டிருந்ததால் அவரைப் பறவைச் சாமியார் என்பார்கள். அவரைக் கிளப்பிவிட்டுக் கோட்டை கட்டத் தொடங்கவே, இந்த ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வரட்டும் என்று அவர் சாபம் இட்டாராம். பாலைவன ஓரத்தில் இருக்கும் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வருவதற்குச் சாபம் எதற்கு என்று நமக்கு விளங்கவில்லை. சாமியார் பிறப்பதற்கு முன்னும் அங்கே மழை குறைவுதான். அது நிற்க. ராஜா பயந்து போய், சாமியாருக்குக் கோட்டைக்குள்ளேயே ஒரு வீடும் கோயிலும் கட்டிக் கொடுத்தான். அதோடு சாபம் தீர்வதற்காக ராஜாராம் என்ற மனிதன் ஒருவனை அஸ்திவாரத்தில் உயிரோடு புதைத்தான் என்று அந்தக் கோட்டையின் வரலாறாகவே வழங்கி வருகின்றது. அவன் மேக்வால் ஜாதியான். அதாவது தீண்டப்படாதவன் என்று ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட ஜாதி. அவன் குடும்பத்துக்கு ஒரு தோட்டம் மானியமாக விட்டார்களாம். அவன் தானே முன்வந்து இசைந்தான் என்றும் சேர்த்துச் சொல்லுகிறார்கள்.

தோழர்களே! இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாபம் இட்டவனுக்கு வீடும் கோயிலும். ஒரு பாபமும் அறியாதவனுக்கு உயிரோடு சமாதி. கோட்டைக்கு உள்ளே தண்ணீர் மொள்ள விடாத ஜாதிக்காரனுடைய உடம்பு மாத்திரம் கோட்டைக்கு அடியில் போடத் தீட்டில்லாமல் போயிற்று. இசைந்தான் என்கிறார்களே, ராஜாவினுடைய ஆள் வந்து வாசலில் நின்று கேட்கும்போது இசையாமல் இருக்க அவனுக்கு எந்தக் கோர்ட்டு இருந்தது, எந்த ஓட்டு இருந்தது? அவனுக்கு ஒரு நினைவுக் கல் அங்கே இருக்கின்றது. மெஹ்ரான்கட்டுக்குப் போகிற நம்மவர்கள் பீரங்கியின் பக்கத்தில் நின்று படம் பிடித்துக் கொள்ளுவதற்கு முன் அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் போய்ப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகிறோம்.

அதே கோட்டையில் இரும்பு வாசல் என்று ஒரு வாசலுண்டு. அதன் பக்கத்துச் சுவரில் சின்னச் சின்னக் கைகளின் அச்சு வரிசையாய்ப் பதித்திருக்கின்றது. 1843ஆம் வருஷம் மகாராஜா மான்சிங் செத்தபோது அவனோடு கூட நெருப்பில் ஏறின ஸ்திரீகளின் கைகள் என்று சொல்லுகிறார்கள். அந்தக் கைகளுக்கு இன்றும் குங்குமம் இட்டு, ஜரிகைக் காகிதம் ஒட்டி, மாலை போட்டுக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உடன்கட்டை ஏற்றுவது குற்றம் என்று வங்காளத்தில் 1829இலும், சென்னை, பம்பாய் மாகாணங்களில் மறு வருஷத்திலும் சட்டம் செய்துவிட்டார்கள். ஆனால் ராஜாக்களின் சமஸ்தானங்களில் அந்தச் சட்டம் செல்லவில்லை. அதாவது, நம் ஊர் ஏழை விதவை ஒருத்தி சட்டத்தினால் உயிர் தப்பிப் பதின்மூன்று வருஷம் ஆன பிறகும், ஜோத்பூர் ராணிகளுக்கு அந்தப் பாதுகாப்புக் கூட இல்லை. இதுதான் அரண்மனை வாழ்வின் லட்சணம்.

சித்தோரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே 1303, 1535, 1568 என்று மூன்று தடவை கோட்டை விழுந்தது. மூன்று தடவையும் ஆண்கள் சண்டைக்குப் போகுமுன் பெண்களும் குழந்தைகளும் கூட்டம் கூட்டமாய் நெருப்பில் இறங்கினார்கள் என்கிறார்கள். இதற்கு ஜௌஹர் என்று பேர். இன்றைக்கு அந்த இடத்தைக் காட்டி, இதுவே கற்பின் சிகரம் என்று பிரசங்கம் செய்கிறார்கள்; நம் ஸ்திரீகளும் கண்ணீர் விட்டுக் கன்னத்தில் போட்டுக் கொண்டு வருகின்றார்கள். நாம் கேட்கிறோம்: தோற்றுப் போன ராஜாவுக்கு மானம் போகாமல் இருப்பதற்கு ராணி ஏன் வேக வேண்டும்? ராஜாவின் மானம் ராணியினுடைய உடம்பில் வைத்துப் பூட்டின பெட்டிச் சாமானா? பெட்டி எதிரி கைக்குப் போகக் கூடாது என்று பெட்டியோடு கொளுத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? குழந்தைகளுக்கு என்ன கற்பு இருந்தது, அவை ஏன் வேக வேண்டும்? அந்தப் பெண்களின் மேல் நமக்குப் பரிதாபம் உண்டு. அவர்களுக்கு வேறு வழி வைக்காத ஏற்பாட்டை வீரம் என்று புகழ மாட்டோம்.

பத்மினி என்ற ராணியைச் சுல்தான் கண்ணாடியில் பார்த்தான் என்று ஒரு கதை சொல்லி, இதோ அந்தக் கண்ணாடி என்று ஒரு கண்ணாடியையும் காட்டி வந்தார்கள். 1303இல் நடந்த முற்றுகைக்கு அலாவுதீன் கில்ஜியோடு கூடவே போன அமீர் குஸ்ரு என்ற கவி, அந்தச் சண்டையைப் பற்றி எழுதினவர், பத்மினி என்று பேர் கூடச் சொல்லவில்லை. மாலிக் முகம்மது ஜாயசி என்ற ஒரு முஸ்லிம் புலவர், இருநூறு வருஷத்துக்கும் மேலே சென்று, 1540இல் பாடின காவியத்தில்தான் அந்தக் கதை வருகின்றது. காவியத்தில் வந்த ராணிக்காக 2018ஆம் வருஷம் ஒரு சினிமாப் படத்தை எதிர்த்துத் தடியும் தீப்பந்தமும் எடுத்துக் கொண்டு புறப்பட்டார்கள். ஆனால் அதே ராஜஸ்தானத்தில், சீகர் ஜில்லாவில் தேவராலா என்ற கிராமத்தில், 1987ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி புருஷன் பிணத்தோடு மெய்யாகவே வெந்து போனாளே, அவளுக்காக அந்தத் தீப்பந்தக்காரர்கள் என்ன செய்தார்கள்? அந்த இடத்தில் லட்சக்கணக்கான பேர் கூடித் திருவிழா நடத்தினார்கள். அதன் பிறகே, உடன்கட்டையைப் புகழ்ந்து கொண்டாடுவதும் குற்றம் என்று புதிதாய் ஒரு சட்டம் வேண்டியதாயிற்று. அப்படிக் கொண்டாடினார்கள் என்ற வழக்கில் மிஞ்சியிருந்த எட்டுப் பேரும் 2024இல் விடுதலையாகிப் போனார்கள். கோட்டைச் சுவரில் கை அச்சுக்கு மாலை போடுவது பழைய காலத்து வேடிக்கைதானே என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, இவையெல்லாம் இந்து மதத்தைக் காப்பாற்றக் கட்டின கோட்டைகள் என்று ஒரு பேச்சு இருக்கின்றது. அதையும் பார்ப்போம். ஆம்பேர் ராஜா 1562இல் தன் மகளை அக்பருக்குக் கலியாணம் செய்து கொடுத்து உத்தியோகம் பெற்றுக் கொண்டான். 1576இல் ஹல்திகாட்டியில் ராணா பிரதாபை எதிர்த்து மொகலாயர் படையை நடத்தினவன் அதே ஆம்பேர் வம்சத்து மான்சிங். பிரதாபின் பக்கத்திலோ, ஹக்கீம் கான் சூர் என்ற ஆப்கானியர் படைத்தலைவராய் நின்றார். காட்டு ஜாதியென்று தள்ளப்பட்ட பீல்கள் வில்லோடு நின்றார்கள். இதில் எந்த மதம் எந்த மதத்தோடு சண்டை போட்டது என்று வழிகாட்டியைக் கேட்டுப் பாருங்கள். 1568இல் சித்தோர் விழுந்தபோது அக்பரின் உத்தரவினால் வெட்டுண்டவர்கள் ஏறக்குறைய 30,000 பேர் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் உள்ளே புகலிடம் தேடி வந்த குடியானவர்கள். ராஜா உதயசிங் முன்னாலேயே மலைக்குள் போய்விட்டான். உதயப்பூர் அவன் பேரால் இருக்கின்றது. குடியானவனுக்குத் தப்பிப் போக மலையுமில்லை, பேர் சொல்ல ஊருமில்லை.

அரண்மனைகளின் கதை இன்னும் சமீபத்தியது. ஜோத்பூரில் உமைத் பவன் என்ற அரண்மனை 1929இல் ஆரம்பித்து 1943இல் முடிந்தது. 347 அறைகள். பஞ்ச காலத்தில் ஜனங்களுக்கு வேலை கொடுப்பதற்காக மகாராஜா கட்டினார் என்று வெகு பெருமையாய்ச் சொல்லுவார்கள். பசித்தவனுக்கு வேலை கொடுத்தது நல்லதுதான். ஆனால் பஞ்ச வேலை என்றால் ஏரி வெட்டலாம், கால்வாய் வெட்டலாம், பள்ளிக்கூடம் கட்டலாம். பசித்தவனைக் கொண்டு பசியாதவனுக்கு 347 அறை கட்டுவதற்குப் பேர் தர்மம் என்றால், வட்டிக் கடைக்காரனையும் தர்மப் பிரபு என்று சொல்லிவிடலாம். உதயப்பூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த பிஜோலியாவில் குடியானவர்கள் 84 விதமான வரிகளைக் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். மகளுக்குக் கலியாணம் செய்தால் அதற்கும் ஒரு வரி. 1897இல் தொடங்கி, நாற்பது வருஷத்துக்கு மேலாக, விட்டும் தொட்டும் அவர்கள் போராடினார்கள். ஏரி நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிற உதயப்பூர் அரண்மனையைப் பார்க்கிறவர்கள், பிஜோலியா எந்தப் பக்கம் என்று கேட்டால் வழிகாட்டிக்கே தெரியுமோ தெரியாதோ!

சமஸ்தானங்கள் போன பிறகும் ராஜாக்களுக்கு நஷ்டமில்லை. வரியில்லாத மானியம் வருஷா வருஷம் சர்க்கார் கஜானாவிலிருந்து போய்க் கொண்டிருந்தது. 1971இல் அரசியல் சட்டத்தைத் திருத்தித்தான் அதை நிறுத்தினார்கள். அதற்கு முன்னமே கெட்டிக்கார ராஜாக்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஜெய்ப்பூரில் ராம்பாக் அரண்மனை 1957இலேயே ஓட்டலாயிற்று. உதயப்பூர் ஏரி அரண்மனையும் அதன் பின் ஓட்டலாயிற்று. முன்னே குடிகள் வரி கொடுத்து வெளியே நின்றார்கள். இப்போது பணக்காரர்கள் வாடகை கொடுத்து உள்ளே தூங்குகிறார்கள். ஒரு விதத்தில் இது முன்னைக்கு நல்லது என்போம். ராஜா கூடக் கணக்கு எழுதிப் பிழைக்கும்படி ஆயிற்றல்லவா! ஆனால் அந்த ஓட்டல்களில் வருகிறவனுக்கு ஆரத்தி எடுத்து, தலைப்பாகை கட்டிய கிழவனை வாசலில் நிற்க வைத்துக் குனிந்து கும்பிடச் செய்கிறார்கள். பணம் கொடுத்து ஒரு நாள் ராஜாவாக இருந்து பார்க்கலாமாம். ஒரு நாள் ராஜாவாக இருப்பதில் உள்ள சுகமே இன்னொருவன் குனிவதுதான் என்றால், அந்தச் சுகம் நம் தோழர்களுக்கு வேண்டாம்.

பேய் விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அல்வார் ஜில்லாவில் பான்கட் என்று ஒரு பாழ்க் கோட்டை. மந்திரவாதி சாபத்தால் அழிந்தது, ராத்திரியில் பேய் உலாவுகிறது என்பதற்கு ருசுவாக, சூரியன் மறைந்த பின் யாரும் உள்ளே வரக் கூடாதென்று தொல்பொருள் இலாகா போட்டிருக்கும் பலகையையே காட்டுகிறார்கள். பாழ்ச் சுவர் தலையில் விழும், பாம்பும் காட்டு மிருகமும் வரும் என்று போட்ட பலகை அது. ராத்திரி பூட்டுகிற இடமெல்லாம் பேய் வீடு என்றால், தாலூக்கா கச்சேரியும் பேய் வீடுதான்.

இவ்வளவு தூரம் போய்த்தான் ராஜபுத்திரக் கோட்டையைப் பார்க்க வேண்டுமென்பதும் இல்லை. நம் செஞ்சிக் கோட்டையில் இருந்த தேசிங்கு ராஜன் யார்? பந்தேல ராஜபுத்திரன்தான். அவன் தகப்பன் சொரூப்சிங் ஔரங்கசீப்பின் உத்தியோகஸ்தனாய் அங்கே கோட்டைக் காவலுக்கு வந்தவன். 1714இல் அவன் செத்ததும் மகன் தானே ராஜா என்று உட்கார்ந்து கொண்டான். கட்ட வேண்டிய வரிப் பாக்கியைக் கட்டு என்று ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கேட்டான். கட்டமாட்டேன் என்றதில் சண்டை. இருபத்திரண்டு வயதுப் பையன் அந்த வருஷமே மாண்டான். அவனோடு அவன் சிநேகிதன் மோவத்துக்கான் என்ற முஸ்லிமும் மாண்டான். அந்தச் சிநேகத்தைப் பாட்டாய்ப் பாடி வைத்தானே நம் தெருப்பாட்டுக்காரன், அவனுடைய புத்தி, இன்று இரு மதத்தாரைப் பிரித்துப் பேசுகிற பட்டதாரிகளுக்கு இல்லை. ஆனால் அந்தப் பாட்டுக்காரனும் பெண் விஷயத்தில் வழுக்கிவிட்டான். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினதைப் பெரிய பாக்கியமாக வைத்துவிட்டான். அவள் நினைவாகவே நவாபு இராணிப்பேட்டை என்று ஊருக்குப் பேர் வைத்தான் என்றும் சொல்லுகிறார்கள். உயிரோடு இருந்தால் ஒரு விதவைக்கு ஒரு குடிசையும் கிடைத்திராது. வெந்து போனதால் ஒரு ஊர் கிடைத்தது! வரிப் பாக்கியோ, கடைசியில் யார் ஜெயித்தாலும் செஞ்சிக் குடியானவன் தலையில்தான் விழுந்திருக்கும். 2025இல் மராத்தியர் கோட்டைகள் என்ற வரிசையில் செஞ்சியையும் யுனெஸ்கோ சேர்த்துக் கொண்டது. பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், செஞ்சி ஒன்றே நம் நாட்டில். திண்டிவனத்தில் இறங்கினால் அரை நாளில் பார்க்கலாம். போங்கள், அங்கேயுள்ள தானியக் களஞ்சியத்தின் முன் கொஞ்ச நேரம் நின்று, அதை நிரப்பின தானியம் எந்த வயலிலிருந்து வந்திருக்கும் என்று குழந்தைகளைக் கேளுங்கள்.

அதையும் விடக் கிட்டத்தில் ஒன்று இருக்கின்றது. பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம் என்று ஒரு குப்பம் இருக்கிறதே, எந்தக் கோட்டையின் குப்பம் என்று அந்தக் கரையில் வலை காயப் போடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1613இல் டச்சுக்காரர்கள் கட்டின கெல்டிரியா கோட்டை அது. 1690 வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமை இடம் அதுவே. பிறகு நாகப்பட்டினத்துக்குப் போனார்கள். நம் நெசவாளி நெய்த துணியை வாங்கிக் கொண்டு போய், கீழைத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். இன்றைக்கும் ஊர் ஊராய் விற்கிற 'பளையகாட்' கைலி என்பது பழவேற்காட்டின் பேர்தான். கோட்டைக்குள்ளே வெடிமருந்துச் சாலை இருந்தது. வெளியே போன சரக்கில் மனிதர்களும் உண்டு. 1620களில் பஞ்சத்தாலும் சண்டையாலும் நம் ஜனங்கள் தத்தளித்தபோது, ஆயிரக்கணக்கான பேரை அடிமைகளாக வாங்கியும் பிடித்தும் இந்தத் துறையிலிருந்து படேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அந்தக் கோட்டை இப்போது சீமைக்கருவேல் மூடின மேடும் பள்ளமுமாய்க் கிடக்கின்றது. அதற்கு மீசையுமில்லை, தலைப்பாகையுமில்லை. ஆகையால் விளம்பரமும் இல்லை.

டச்சுக்காரன் சந்திரகிரி ராஜாவிடம் அனுமதி வாங்கினான். கரையில் இருந்த கரையானை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காட்டுப்பள்ளியில் 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. அதற்காகக் கடலோரம் இருந்த காட்டுப்பள்ளிக் குப்பத்தாரை இடம் பெயர்த்து வேறிடத்தில் குடி வைத்தார்கள். இப்போது அதை இன்னும் பெரிதாக்க வேண்டுமென்கிற யோசனையை ஏரிக்கரைக் குப்பங்கள் பல வருஷமாய் எதிர்த்து வருகின்றன. கடல் கரையைத் தின்னும், முகத்துவாரம் கெடும், ஏரியில் மீன் போகும் என்பது அவர்கள் வாதம். கப்பல் வேண்டாம், துறைமுகம் வேண்டாம் என்று நாம் சொல்லுகிறவர்கள் அல்ல. ஆனால் கேட்டுச் செய்ய வேண்டும். கேட்டது கணக்கில் வர வேண்டும். அந்தப் பறவைச் சாமியாருக்குச் சாபம் இருந்தது, ராஜா பயந்தான். நமக்குச் சாபத்தில் நம்பிக்கையில்லை. ஓட்டும், சட்டமும், ஒற்றுமையும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு பயப்படச் செய்ய வேண்டியதுதான்.

ஒற்றுமை என்று சொன்னதால் இதையும் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது. ஏரியில் வலை போடுவதற்கு முறை வைத்துக் கொள்ளுகிற பாடு என்ற ஏற்பாடு நம் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாய் உண்டு. ஒருவன் எல்லாவற்றையும் வாரிக் கொண்டு போகாதபடி எல்லோருக்கும் முறை வருகிற நல்ல ஏற்பாடு அது; எந்த ராஜாவும் இவ்வளவு நியாயமாய்ப் பங்கு போட்டதில்லை. ஆனால் அந்த எல்லோரும் என்பதில் யார் யார் இருக்கிறார்கள்? குறிப்பிட்ட குப்பத்தில் குறிப்பிட்ட ஜாதியில் பிறந்த ஆண்பிள்ளைகள். அதே ஏரியில் இடுப்பளவு சேற்றில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிற இருளருக்கும், ஆதிதிராவிடத் தோழர்களுக்கும், பெண்களுக்கும் அந்தப் பாட்டில் இடமில்லை. தண்ணீர் மேல் கட்டின மதில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் மதில் இல்லை என்று ஆகிவிடாது. துறைமுகக்காரரிடம் போய், எங்களைக் கேட்டாயா என்று கேட்கப் போகிற குப்பத்தார், தங்கள் பக்கத்தில் நிற்கிற இருளனையும் அந்த மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லட்டும். அதற்கு முன் பாட்டில் ஒரு முறையும் கொடுக்கட்டும்.

ராஜஸ்தானத்துக்குச் சீட்டுப் பிடிக்கிறவர்கள் தாராளமாய்ப் போய் வரட்டும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளை அழைத்துக் கொண்டு, பொன்னேரியில் பஸ் ஏறிப் பழவேற்காட்டுக்குப் போகும்படி கேட்டுக் கொள்ளுகிறோம். கோட்டை மேட்டின் பக்கத்தில் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கின்றது. அதன் வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கும். பேயில்லை, சாவை நினைப்பூட்ட அந்தக் காலத்து வெள்ளைக்காரர் வைத்துக் கொண்ட பொம்மைகள் அவை என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். உள்ளே கற்களில் செத்தவர்களின் பேரெல்லாம் டச்சு எழுத்தில் அழகாய் வெட்டியிருக்கின்றது. அதே கரையில் கப்பலேற்றி அனுப்பப்பட்ட நம்மவர்களைப் பற்றி, தமிழில், பெரிய எழுத்தில், வருஷம் போட்டு ஒரு பலகை அங்கே வைக்க வேண்டுமென்று தொல்பொருள் இலாகாவையும் பஞ்சாயத்தாரையும் கேட்டுக் கொள்ளுகிறோம். அதில் எழுத வேண்டிய வாசகத்தைக் கோட்டைக்குப்பத்துப் பள்ளிப் பிள்ளைகளே எழுதிக் கொடுக்கலாம். அவர்களுடைய வாத்தியார்கள் இந்தப் பத்திரிகைக்கு எழுதினால் நாம் அதை வெளியிடுகிறோம்.